உள்பக்கக் கைப்பிடி

வேன் கூரை ஒழுகினால் எல்லோரும் மேலே ஏறி ஓட்டையைத் தேடுவார்கள். அது வீண் வேலை, சார். தண்ணீர் ஓரிடத்தில் நுழையும், வேறிடத்தில் சொட்டும். நாம் உள்ளே உட்கார்ந்துகொண்டு, வெளியே ஒருவரைக் குழாய் பிடித்துத் தண்ணீர் அடிக்கச் சொல்லி, பொறுமையாகப் பார்க்க வேண்டும். எனக்கு என் மனைவி சந்திரகலாதான் குழாய் பிடிப்பாள். கை வலித்தாலும் சொல்ல மாட்டாள். அவளைக் குறை சொல்ல நான் இங்கே உட்காரவில்லை என்பது உங்களுக்கு முதலிலேயே தெரிய வேண்டும்.

நான் சுரங்கத்தில் கன்வேயர் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன். சர்வீஸில் இருக்கும்போதே ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கிக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நிறுத்தினேன். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு மேடை, சின்னதாக ஒரு சிங்க் என்று கேரவனாக மாற்றினேன். வெளியாள் அதில் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. ஊர் ஊராகப் போய் அதிலேயே சமைத்து அதிலேயே தூங்குவது என்று யோசனை. யோசனை அவளுடையது. கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்ததிலிருந்து என் ஷிஃப்டுக்குத் தகுந்தபடி எழுந்து, என் ஷிஃப்டுக்குத் தகுந்தபடி படுத்தவள் அவள். "சங்கு ஊதாத ஊர்ல ஒரு நாளாவது கண்ணு முழிக்கணுங்க" என்பாள். நியாயமான ஆசைதான்.

ஆனால் ஒரு வண்டியை எடுத்தோம் கவிழ்த்தோம் என்று ரோட்டில் விட முடியாது. ஜன்னல் வழியாக மழை உள்ளே வந்தது. கண்ணாடிகளை எடுத்துவிட்டுத் தகடு வைத்து ரிவெட் அடித்தேன். தகடு வெயிலில் காய்ந்தது. உள்ளே தெர்மோகோலும் ஃபோமும் ஒட்டி அதன்மேல் பிளைவுட் அடித்தேன். அந்த வேலை என்னவோ வெயிலுக்குச் சரிப்படவில்லை, உள்ளே வந்த சூடு வெளியே போகாமல் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் அருமையாக அடங்கியது. உள்ளே ரேடியோ அலறினாலும் வெளியே கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் கேட்கும். எஞ்சின் சூடு வராமல் இருக்க டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தடுப்பும் போட்டேன். கூரை ஃபேனைச் சுற்றித் தண்ணீர் கசிந்ததால் அதைக் கழற்றி ஓட்டையை மூடினேன். போன மாதம் பக்கவாட்டுக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து கையோடு வந்துவிட்டது. வெளியிலிருந்து மட்டும் திறக்கும்படி ஒரு கொண்டி அடித்து வைத்தேன். எல்லாம் தற்காலிக ஏற்பாடு. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள்.

பெரிய குறை பிரேக்தான். மிதித்தால் பின்பக்கம் இடது சக்கரத்தில் மெல்லிசாக ஒரு சத்தம் வரும். பிரேக் ஷூ மாற்றினேன், டிரம் மாற்றினேன், திரும்பவும் ஷூ மாற்றினேன். சத்தம் போகவில்லை. சந்திரகலாவைப் பக்கத்தில் உட்காரவைத்து பிளாக்கைச் சுற்றி ஓட்டிக் காட்டுவேன். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பாள். கேட்காதவர்களுக்கு அது கேட்காது.

இந்த மே மாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய கெடு வந்தது. சாமான்களைத் தன் தங்கை வீட்டுக்கு மேல்பட்டாம்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டு இப்படியே கேரவனில் கிளம்பலாம், முதலில் கன்னியாகுமரி என்றாள். பிரேக் முடியட்டும் என்றேன். அவள் என்னிடம் சொல்லாமலே காடாம்புலியூரிலிருந்து கண்ணையன் என்று ஒரு டிரைவரைப் பேசி வைத்திருந்தாள். பலாப்பழ லோடு அடிக்கிறவன். வியாழக்கிழமை காலையில் வந்து வண்டியை எடுப்பதாக ஏற்பாடு.

அது எனக்குத் தெரிந்ததும் பேச்சு வளர்ந்தது. அவள் அதிகம் பேச மாட்டாள். அன்று சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஒங்களுக்கு வண்டி ரிப்பேர் ஆவணும். ரெடி ஆவக் கூடாது. அவ்வளவுதான்."

மறைப்பானேன், அந்தச் சொல் என்னைச் சுட்டது. முப்பது வருஷம் என் கை பட்ட மிஷின் ஒன்றும் பாதியில் நின்றதில்லை. மேலதிகாரிகூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் அவள் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஒரு பையும் புளிசாதப் பாத்திரமுமாகக் கேரவனில் ஏறிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நான் அப்போது வண்டியை மாமரத்து நிழலிலிருந்து எடுத்து வெட்டவெளியில் விட்டிருந்தேன். கூரையில் கசிவு அடைக்கப் புதிதாகப் போட்ட சீலன்ட் காய வெயில் வேண்டும். இறங்கச் சொன்னேன்.

"வண்டி கெளம்பி வேற ஊர் போயி நின்னாதான் நான் எறங்குவேன்" என்றாள்.

சரி என்றேன். அவள் போனில் சார்ஜ் குறைவாக இருந்தது. அதை வாங்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் சார்ஜில் போட்டேன். கண்ணையனைக் கூப்பிட்டு வரவேண்டாம், வண்டி ஷட்டவுனில் இருக்கிறது என்றேன். பிறகு கதவைச் சாத்திக் கொண்டி போட்டுப் பூட்டினேன். பூட்டில் என் டேக்கை மாட்டினேன்.

டேக் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், நீங்கள் இந்த ஊருக்குப் புதிது. சுரங்கத்தில் ஒருவன் மிஷினுக்குள் இறங்கி வேலை செய்கிறான் என்றால், சுவிட்சைப் பூட்டித் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை அதில் தொங்கவிட்டுத்தான் இறங்குவான். தொங்கவிட்டவன்தான் அதைக் கழற்ற வேண்டும். மறந்துபோய் வீட்டுக்குப் போயிருந்தால் ஜீப் அனுப்பி அவனையே கூட்டிவருவார்களே தவிர, மேனேஜராக இருந்தாலும் கை வைக்க மாட்டார். டவுன்ஷிப்பில் வீட்டு மோட்டாரைக் கழற்றினால்கூட அதில் டேக் தொங்குவதைப் பார்க்கலாம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் துரைராஜ் என்னிடம் வேலை பழகியவன். ஒரு முறை அவன் கன்வேயருக்குள் படுத்து வேலை செய்யும்போது யாரோ அவசரத்தில் சுவிட்சுக்குப் போய்விட்டார்கள். நான் மாட்டிவிட்ட டேக்கைப் பார்த்துத்தான் கையை எடுத்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு அது சாமி படம் மாதிரி.

நான் பஸ் பிடித்து வடலூருக்குப் போனேன். அந்த உள்பக்கக் கைப்பிடி வாங்கத்தான் போனேன், நம்புங்கள். முதல் கடையில் இருந்தது மட்டமான சரக்கு. அடுத்த கடையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது துரைராஜிடமிருந்து போன் வந்தது. உச்சிவெயில் நேரம்.

"சார், ஒங்க வண்டிலேருந்து டொக்கு டொக்குன்னு சத்தம் வருதுங்க. உள்ள எதுனா ஓடிகினு இருக்குதா?"

"டேக் தொங்குதா?" என்று கேட்டேன்.

"தொங்குதுங்க."

"யார் பேரு போட்டிருக்கு?"

"ஒங்க பேருதாங்க."

"அப்ப தொடாத."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டான். ஒழுங்கான ஆள்.

கைப்பிடியைத் தேர்ந்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு வந்தேன். திரும்பவும் அவன்தான். இந்த முறை குரலில் தயக்கம் இருந்தது. எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தானாம், யாரும் இல்லையாம்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். தகட்டுல காத வச்சுக் கேட்டேன். அக்கா என் பேரச் சொல்லிக் கூப்புடற மாரி இருக்குதுங்க."

நான் சாதாரணமாகப் பொய் சொல்கிறவன் இல்லை. என்னுடன் வேலை பார்த்த யாரையும் கேட்டுப் பாருங்கள்.

"அக்கா வடலூர்ல என் பக்கத்துல நின்னு டீ குடிச்சிட்டிருக்கா, துரை" என்றேன். "அது உள்ள ட்ரையல் ஓடுற ஃபேன். தொடாத."

"அப்படிங்களா. சரிங்க" என்றான். இரண்டாவது டீ சொன்னேன்.

வெயில் இறங்கிய பிறகு வீடு திரும்பினேன். துரைராஜ் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வேறு யாரும் டேக்கில் கை வைத்துவிடக் கூடாதென்று காவல் இருந்திருக்கிறான். நான் மட்டும் தனியாக வருவதைப் பார்த்து எழுந்து நின்றான். என் பின்னால் எட்டிப் பார்த்தான். டேக்கை நானே கழற்றி, பூட்டைத் திறந்தேன். அவள் கதவோரமாகக் கிடந்தாள். கைப்பிடி இருந்த இடத்தைச் சுற்றிப் பெயின்ட் உரிந்திருந்தது. இரண்டு கோட் அடித்த பெயின்ட் அது, லேசில் உரியாது. அவள் விரல் நகங்களுக்குள் அந்தப் பெயின்ட் இருந்தது. துரைராஜ் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஏறி அவளைத் தூக்கினான். போலீஸுக்குச் சொன்னதும் அவன்தான். நீங்கள் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று புதுக் கைப்பிடியைப் பொருத்தினேன். இப்போது உள்ளிருந்து நன்றாகத் திறக்கிறது.

அவன் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து, அக்காவைத் தானே கொன்றுவிட்டதாகச் சொல்லி அழுவதாகச் சொன்னீர்கள். அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அவன்மேல் தவறில்லை. உள்ளே அவள் இருக்கிறாள் என்று தெரிந்துதான் நான் பூட்டினேன். அந்த வெயிலில் உள்ளே ஒரு உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்றும் தெரியும், வேலை செய்யும்போது நானே தலை சுற்றி வெளியே வந்து விழுந்திருக்கிறேன். அவள்தான் தட்டுகிறாள், கூப்பிடுகிறாள் என்று தெரிந்துதான் தொடாதே என்றேன், இரண்டு முறையும். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று. அவளை அந்தப் பிரேக்கோடு கன்னியாகுமரி ரோட்டில் அனுப்பியிருந்தால்தான் நான் பாவி. வண்டியை இங்கே ஓட்டிவந்த உங்கள் டிரைவர், பிரேக் கச்சிதமாகப் பிடிக்கிறது, சத்தமே இல்லை என்று சொன்னதாகச் சொல்கிறீர்கள். அவருக்குச் சின்ன வயசு, சார். காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்.