பிரசாதத்தை வேண்டாம் என்றால்

முருகனைக் கும்பிட்டுவிட்டுப் பழனி மலையிலிருந்து இறங்க விஞ்ச் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பள்ளங்கியிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. கணவர் பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்ததும் அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாங்க. பொறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாத ஒடம்பு உங்களுக்கு. போன தடவ வயித்தால போயி ஆஸ்பத்திரியில கெடந்தது மறந்துபோச்சா?”

“பிரசாதத்த வேணாம்னா முருகன் கோவிச்சுக்க மாட்டாரா, புள்ள?”

“பழம் கெடைக்காமத்தான அவரே இங்க வந்து நிக்காரு. திங்க முடியாதவுங்க ஏக்கம் அவருக்குத் தெரியாதா?”

கணவர் விரலில் கொஞ்சம் எடுத்து, அத்தனை பேர் நடுவே மனைவிக்கு ஊட்டினார்.

“எப்படி இருக்குன்னாவது சொல்லு.”

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏலக்கா தூக்கலா இருக்குங்க. உங்களுக்குப் பிடிச்ச மாதிரியே.”