வாட விட்ட குச்சி

கை தட்டாதீங்க... தட்டாதீங்க. எனக்குப் பயமா இருக்கு. பேச்சு நல்லாயிருக்குன்னு தட்டுறீங்களா, சீக்கிரம் முடின்னு தட்டுறீங்களா? பாருங்க, எனக்கே சந்தேகம்! இந்தச் சந்தேகம் என்ன வேலை பண்ணும்னு ஒரு குட்டிக் கதையில சொல்லிடறேன். பந்தி போடுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

மதுரைப் பக்கம் ஒரு ரயில்வே காலனி. ஒரே மதில் சுவரு. இந்தப் பக்கம் தனபாக்கியம், அந்தப் பக்கம் ரெஜினா. ரெஜினா வீட்டு மதில் ஓரத்துல ஒரு கிறிஸ்துமுள் செடி. பார்த்திருப்பீங்க... உடம்பெல்லாம் முள்ளு, உச்சியில கொத்துக் கொத்தா செவப்புப் பூ, கிள்ளுனா பால் வடியும். தனபாக்கியத்துக்கு அது மேல ஒரு கண்ணு.

கேட்டா. "ரெஜினாக்கா, எனக்கு ஒரு குச்சி குடுங்களேன்."

ரெஜினா உடனே வெட்டிக் குடுத்துச்சு. குடுத்துட்டு... "பாக்கியம், இன்னைக்கே நட்டுடாதே. நாலஞ்சு நாள் நிழல்ல போட்டு வாட விடு. பால் காய்ஞ்சதும் மணல் கலந்த மண்ணுல வை. நல்ல வெயில் வேணும், தண்ணி கொஞ்சமாப் போதும். அந்தப் பால் மட்டும் கண்ணுல பட்டுடாமப் பார்த்துக்கோ, பொல்லாதது!"

தனபாக்கியம் வீட்டுக்குள்ள வந்தா. வந்து புருஷன்கிட்ட... "என்னங்க, உலகத்துல எவளாவது நடப்போற குச்சியை வாட விடச் சொல்லுவாளா? தண்ணி ஊத்தக் கூடாதாம்! நம்ம வீட்டுல பூத்துடக் கூடாதுங்கிற நல்ல எண்ணம். கண்ணுல படும்னு பூச்சாண்டி வேற. எதுக்கு? மறுபடி நான் குச்சி கேட்டு வந்துடக் கூடாதுல்ல!"

புருஷன் சந்தானம், ரயில்ல கார்டு. எப்பப் பச்சைக்கொடி, எப்பச் சிவப்புக்கொடின்னு தெரிஞ்ச மனுஷன். பேசாம இருந்துட்டாரு.

அன்னைக்கே நட்டா. ஒரு கூடை சாணி எரு. காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். குச்சி என்ன ஆகும்? ...அழுகிப் போச்சு! நான் தப்பா நட்டுட்டேன்னா சொன்னா? "அழுகுற குச்சியாப் பார்த்துக் குடுத்திருக்கா!" அதுக்கப்புறம் ரெஜினா குடுத்தனுப்புற மீன்குழம்பு நேரா சாக்கடைக்குப் போச்சு. என்ன கலந்திருக்காளோ!

நம்ம ஊருல ஒரு பேச்சு இருக்குல்ல? கேட்டு வாங்குன செடி வராது, திருடி நட்டாத்தான் துளிர்க்கும்னு? அங்க ஒரு அம்மா தலையாட்டுறாங்க... உங்க வீட்டு மணிபிளான்ட் எங்கம்மா இருந்து வந்துச்சு?

ஒரு மத்தியானம். காலனியே தூங்குது. தனபாக்கியம் கத்தியோட மதில்ல எட்டி, ஒரு குச்சியை வெட்டுறா. பால் தெறிச்சுது... நேராக் கண்ணுல!

அலறுனா பாருங்க... முதல்ல ஓடி வந்தது யாரு? ரெஜினா! குழாயடியில உட்கார வச்சு, விடாமத் தண்ணி ஊத்திக் கழுவி, ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சு. டாக்டர் சொன்னாரு, "உடனே கழுவுனதால கண்ணு தப்பிச்சுது."

கண்ணுல கட்டோட தனபாக்கியம் கேட்குறா... "அக்கா, நான் கத்துன உடனே எப்படி வந்தீங்க?" அங்கேயும் சந்தேகம்!

"நீ கத்தியோட வரும்போதே ஜன்னல்ல பார்த்தேன் பாக்கியம். கூப்பிட்டா நீ கூசிப்போவியேன்னு விட்டுட்டேன். பால் படுமேன்னுதான் வாசல்லயே நின்னேன்."

மாசம் ஓடுச்சு. ஒருநாள் பார்க்குறா... பின்கட்டுல, உடைஞ்ச வாளியில, அந்தத் திருட்டுக் குச்சி பூத்து நிக்குது! "பார்த்தீங்களா? திருடுனதால பூத்திருக்கு!"

அன்னைக்குத்தான் சந்தானம் வாயைத் திறந்தாரு. "அடியே, உன் கண்ணு ஆறுற வரைக்கும் அந்தக் குச்சி மதில் மேலயே கிடந்து வாடுச்சு. மணல்ல சொருகுனேன். தண்ணி ஊத்த மறந்துட்டேன். அந்த அக்கா சொன்னது அத்தனையும் தன்னால நடந்துடுச்சு."

தனபாக்கியம் அப்படியே உட்கார்ந்து அழுதா. சாயங்காலம் மதில் ஓரமா வந்து நின்னா... "அக்கா... மீன்குழம்பு இருக்கா?"

என்ன சிரிக்கிறீங்க? நாம மட்டும் யோக்கியமா? ஒருத்தர் சொல்ற நல்லது நம்ம வழக்கத்துக்கு மாறா இருந்தா, உடனே இதுல அவனுக்கு என்ன லாபம்னு தோண்டுறோம். சந்தேகப்படுங்க, வேண்டாங்கலை. நானும் படுறவதான். ஆனா ஒரு தடவை... ஒரே ஒரு குச்சியை அவங்க சொன்ன மாதிரி நட்டுப் பார்த்துட்டு, அப்புறம் சந்தேகப்படுங்க!

ம்... இப்பத் தட்டுங்க. நம்புறேன்.