ஆதிமூலம் வேடத்தில் சிந்துஜாவின் மாமியார் வீட்டுக்குப் போனது பற்றி

என் பெயர் சுரேந்தர். வயது 46. தகப்பனார் பெயர் பூவராகன், காலமாகிவிட்டார். கடலூர் முதுநகர் சிங்காரத்தோப்பில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். தொழில் மேடை நாடகத்திலும் டிவி சீரியலிலும் நடிப்பது. இன்று சிதம்பரத்தில் நடந்த சம்பவம் குறித்து என்னை விசாரித்ததில் நான் சொல்வது என்னவென்றால்,

எங்களுடையது மீனவக் குடும்பம். அப்பா படகில் தொழிலுக்குப் போய்வந்தார். அம்மா அஞ்சம்மாள் முதுநகர் மார்க்கெட்டில் மீன் விற்றார். நான் பி.ஏ. வரலாறு படித்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போதே எங்கள் ஊர்த் திருவிழாவில் இளைஞர்கள் போடும் சமூக நாடகத்தில் நடித்துவந்தேன். முதல் வேடம் கான்ஸ்டபிள். வசனம் கிடையாது. கதாநாயகனுக்கு விலங்கு மாட்டிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அன்றைக்கு விலங்கின் பூட்டு விழவில்லை. கதாநாயகனாக நடித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தார். ஜனங்கள் யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தத் தொழிலில் விருப்பம் உண்டானது.

படிப்பு முடித்து போலீஸ் தேர்வுக்கும் போனேன். ஓட்டத்தில் தேறினேன், மார்பளவில் தேறவில்லை. போலீஸ் ஆக முடியாத ஏக்கத்தில் இப்படிச் செய்தாயா என்று நீங்கள் கேட்டதால் இதைச் சொல்கிறேன். அப்படி எதுவும் இல்லை.

அதன் பிறகு சிதம்பரத்தில் நாடகக் குழு நடத்திவரும் கலியமூர்த்தி என்பவரிடம் சேர்ந்தேன். அவரை மாமா என்று கூப்பிடுவேன், உறவு கிடையாது. சுனாமியில் எங்கள் படகு போய்விட்டது. அப்பாவும் போய்விட்டார். அவர் கையில் பச்சை குத்தியிருந்த அம்மா பெயரை வைத்து நான்தான் உடலை அடையாளம் காட்டினேன். அதன் பிறகு ஊரில் இருக்கப் பிடிக்காமல் சென்னைக்குப் போய் சீரியல் கம்பெனிகளில் வாய்ப்புத் தேடினேன். முதலில் பிணமாக நடிக்கக் கூப்பிட்டார்கள். அசையாமல் படுத்திருப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பிறகு கான்ஸ்டபிள், பிறகு ஏட்டு, அதன் பிறகு ஒரு மதிய நேரத் தொடரில் இன்ஸ்பெக்டர் ஆதிமூலம் என்ற வேடம் கிடைத்தது. மாமியார் வீட்டில் கொடுமைப்படும் கதாநாயகிக்கு ஆபத்து வரும்போதெல்லாம் ஜீப்பில் வந்து இறங்குகிற வேடம். பல வருடம் ஓடியது.

அந்த வருடங்களில் வெளியே போனால் ஜனங்கள் என்னை ஆதிமூலம் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். லால்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது பெரியவர் ஒருவர் தன் கடையில் திருட்டுப் போன விவரத்தைச் சொல்லி, கொஞ்சம் கவனிக்கும்படி கேட்டார். நான் நடிகன் என்று சொன்னேன். “தெரியும் தம்பி. இருந்தாலும் நீங்க ஒரு வார்த்த சொல்லி வைங்க” என்றார்.

என் அம்மா இறந்தபோது காரியம் முடியும்வரை லீவு கேட்டேன். கம்பெனியில் சரி என்றார்கள். கருமாதி நாளன்று பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் டிவி போட்டார்கள். அதில் ஆதிமூலம் லாரி மோதி இறந்துவிட்டதாகக் காட்டி, என் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். என் சித்தி எழுந்து போய் டிவியை நிறுத்தினார். கம்பெனிக்கு போன் செய்தேன். கதை அப்படிப் போய்விட்டது என்றார்கள். அதன் பிறகு சென்னையில் வேறு வேடம் எதுவும் அமையவில்லை. ஊருக்கே வந்து கலியமூர்த்தி மாமாவின் குழுவில் மறுபடியும் நடித்து வருகிறேன். எந்த நாடகமானாலும் ஆதிமூலம் ஒரு காட்சியில் வர வேண்டும் என்று கேட்கிறார்கள். சீரியலில் போட்ட அதே காக்கி உடையைத்தான் போடுகிறேன். தோளில் இருக்கும் நட்சத்திரங்கள் பிளாஸ்டிக்.

இன்று காலை சிதம்பரம் மேல வீதியில் ஒரு ஜவுளிக் கடை திறப்பு விழாவுக்கு என்னை அந்த வேடத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குழுவின் மேக்கப்காரர் சின்னையன் அவருடைய காரில் என்னை அழைத்துப் போனார். விழா முடிந்து காரில் ஏறப் போகும்போது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் பெயர் மங்கலம் என்பது பிறகு தெரிந்தது.

“சார், நீங்க நெசமான போலீஸ் இல்லன்னு எனக்குத் தெரியும். நெசமான போலீஸ்கிட்ட போயிட்டுதான் உங்ககிட்ட வர்றேன்” என்றார்.

அவருடைய மகள் சிந்துஜாவை பிச்சாவரம் போகிற சாலையில் உள்ள ஒரு குடும்பத்தில் கட்டிக்கொடுத்ததாகவும், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போக வேண்டும் என்று மகள் கேட்டதிலிருந்து சண்டை என்றும், இப்போது மாடியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்றும், தான் போனால் வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள் என்றும், ஸ்டேஷனில் மனு கொடுத்ததற்குக் குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னார். “நீங்க வந்து சும்மா நில்லுங்க சார், அது போதும்” என்றார். நான் முடியாது, அது குற்றம் என்று சொன்னேன். வக்கீலைப் பார்க்கச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. தன் போனில் மகள் கடைசியாக அனுப்பியதை மட்டும் போட்டுக் காட்டினார். ரகசியமாகப் பேசும் குரலில், “அம்மா, வரும்போது எனக்குச் செருப்பு எடுத்தாம்மா. எஞ்செருப்ப ஒளிச்சு வச்சுட்டாங்க” என்று இருந்தது. அதைக் கேட்டு முடித்ததும் அவர் போனைப் பையில் வைத்தார். பையில் ஒரு ஜோடி புதுச் செருப்பு இருந்தது. நான் அவரைக் காரில் ஏறச் சொன்னேன். சின்னையன், “வேணாண்ணே” என்றார். அவருக்கும் இந்தச் சம்பவத்துக்கும் வேறு சம்பந்தம் கிடையாது.

வீட்டு வாசலில் கார் நின்றதும் மங்கலம் அம்மா, “வேணாம் சார், பயமா இருக்கு. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடப் போவுது. திரும்பிடலாம்” என்றார். நான் இறங்கி உள்ளே போனேன். அவர் பின்னால் வந்தார்.

வீட்டில் சிந்துஜாவின் மாமனார் சுப்பிரமணியனும், மாமியாரும், கணவர் அஜய்யும் இருந்தார்கள். மாமனார் சாப்பாட்டிலிருந்து எழுந்து நின்றார். மாமியார் முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அஜய், “எந்த ஸ்டேஷன் சார்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மேடையில் வசனம் மறந்துபோனால் எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும், அவர் பேசிவிடுவார் என்று கலியமூர்த்தி மாமா சொல்லியிருக்கிறார். அப்படியே நின்றேன். அஜய், “இல்ல சார், அவளுக்கு ஒடம்பு சரியில்ல, அதான் மேல படுக்க வச்சிருக்கோம்” என்றார். நான், “பொண்ணக் கூப்பிடுங்க” என்றேன். அந்த வீட்டுக்குள் நான் பேசியது அவ்வளவுதான். போலீஸ் என்று வாயால் சொல்லவில்லை. போலீஸ் இல்லை என்றும் சொல்லவில்லை.

அஜய் மேலே போனார். தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. சிந்துஜா இறங்கி வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. மாடிப்படியின் பாதியில் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் மீதிப் படியும் இறங்கி வந்து, கையைக் கட்டிக்கொண்டு, “ஐயா, என் பி.எட். சர்ட்டிபிகேட்டையும் வாங்கிக் குடுத்துடுங்க. பீரோவுல வச்சிருக்காங்க” என்றார். நடுக்கம் இல்லாமல் சொன்னார். என்னோடு மேடை ஏறியவர்களில் பாதிப் பேருக்கு அந்தத் தைரியம் வராது. மாமனார் தானே பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். மங்கலம் அம்மா குனிந்து மகள் காலடியில் செருப்பை வைத்தார். சிந்துஜா போட்டுக்கொண்டார். அளவு சரியாக இருந்தது. நாங்கள் வெளியே நடந்தோம்.

கேட்டைத் தாண்டும்போது பின்னால் மாமியார், “ஏங்க, இவரு ஆதிமூலம் இல்ல? லாரி மோதிச் செத்துட்டாரே, அவுரு!” என்று கத்தினார். உடனே அஜய் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். தோளிலிருந்த நட்சத்திரம் பிய்ந்து அவர் கையோடு போனது. என்னைக் கேட்டில் தள்ளியதில் நெற்றியில் காயம்பட்டது. நான் திருப்பி அடிக்கவில்லை. அஜய் அடுத்து சிந்துஜாவைப் பிடிக்கப் போனார். அதற்குள் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் என்னைப் பார்த்து, “ஷூட்டிங்கா சார்?” என்று கேட்டார். சிந்துஜா அவர் பக்கம் திரும்பி, “ஷூட்டிங் இல்லண்ணே. என்ன ரூமுல வச்சுப் பூட்டி அடிச்சாங்க” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அதன் பிறகு யாரும் அஜய்யை அவர் பக்கத்தில் விடவில்லை. கூட்டத்தில் யாரோ தகவல் சொல்லி போலீஸ் ஜீப் வந்தது. எல்லாரையும் இங்கே அழைத்து வந்தார்கள்.

சிந்துஜாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காயத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்றும், அவருடைய புகாரை எடுத்துக்கொண்டதாகவும் நீங்கள் சொன்னீர்கள். அது எப்போது எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. என் காக்கிச் சட்டை, பேன்ட், தொப்பி, பெல்ட், மீதி நட்சத்திரங்கள் ஆகியவற்றைக் கழற்றி ஒப்படைத்துவிட்டேன். சின்னையன் கொண்டுவந்த லுங்கியும் சட்டையும் உடுத்தியிருக்கிறேன்.

மேற்கண்டவை என்னால் சொல்லப்பட்டு, எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. அதில் மங்கலம் என்பவரின் தூண்டுதலின் பேரில் மேற்படி வீட்டுக்குள் நுழைந்தேன் என்று ஓர் இடத்தில் எழுதப்பட்டிருந்தது. அது தவறு, அந்த அம்மா வாசலிலேயே திரும்பிவிடலாம் என்றார், என் சொந்த விருப்பத்தின் பேரில் நுழைந்தேன் என்று மாற்ற வேண்டும் என்று சொன்னேன். அப்படி மாற்றினால் முழுக் குற்றமும் என் மேல் வரும் என்று எடுத்துச் சொல்லப்பட்டது. தெரியும் என்றேன். மாற்றி எழுதி மறுபடியும் படித்துக் காட்டினார்கள். இப்போது சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
பூ. சுரேந்தர்