அந்தியேட்டி முடியட்டும்

ஜெனீவாவோ? கதிரையை இஞ்சால இழு பிள்ளை, எனக்கு ஒரு காது மந்தம். ஆர் சொன்னது ஜெனீவாவில ஐ.நா.வுக்கு எழுதலாம் எண்டு? உன்ர தமையன் விவேகானந்தனோ? நினைச்சன். அவன்ர வாய் எப்பவும் காலுக்கு முன்னால ஓடும்.

அழாதை. அழுதுகொண்டு கதைச்சா எனக்கு விளங்காது.

எழுதலாம். ஆர் மறிச்சது? எழுதினாப் போய்ச் சேரும். ஆனா அவங்கள் முதல்ல ஒண்டு கேப்பாங்கள். உங்கட நாட்டுக் கோடு கச்சேரியெல்லாம் ஏறி முடிச்சிட்டீங்களோ எண்டு. முடிக்கேல்லையெண்டால் அதோட சரி. உன்ர புருசன் எப்பிடிச் செத்தவன், முதுகில எத்தினை தழும்பு, ஒண்டையும் விசாரிக்க மாட்டாங்கள். எங்களுக்குத்தான் அது பெரிசு. கோட்டில மொழிபெயர்ப்பாளராக் கிடந்து தேய்ஞ்சவன் சொல்லுறன், கேள்.

ஓம், இஞ்ச ஏறத்தான் வேணும். பொலிஸ் அடிச்சதுக்குக் கொழும்பில உயர் நீதிமன்றம். அடிப்படை உரிமை மனு.

நாளைக்கோ? நாளைக்குப் போய் என்ன செய்யப்போறாய்? அந்த மனுவுக்குத் தவணை ஒரு மாசம். நடந்து ஒரு மாசத்துக்குள்ள போடோணும். கிருஷாந்தனை ஸ்டேசன்ல இருந்து ஆஸ்பத்திரிக்குப் பிரேதமாக் கொண்டுவந்து போட்டது மாசி அஞ்சு. பங்குனி அஞ்சோட முடிஞ்சுது. இண்டைக்கு ஏழு.

இல்லைப் பிள்ளை, முப்பத்தொராம் நாள் கணக்குச் சரிதான். ஐயர் பிழை விடேல்லை. அந்தியேட்டி இண்டைக்குத்தான். இங்கிலீசு மாசிக்கு இருபத்தெட்டு நாள், அவ்வளவுதான். நீ கிரியைக்கு எண்ணினாய். கோடு கலண்டரைப் பாக்கும்.

துக்கம் எண்டு சொல்லிப் பாரன். நீதியரசர்மாருக்கு இரக்கம் வந்தாக் கேப்பினம். அரசாங்கத் தரப்பு எழும்பி, இந்தப் பொம்பிளை ஒரு மாசமா வீட்டில பலகாரம் சுட்டுக்கொண்டு இருந்தவ எண்டு சொல்லும். உப்பிடி எத்தினை பேச்சை நான் மொழிபெயர்த்திருப்பன். சபையில ஆக்கள் சிரிப்பினம்.

அது தள்ளுபடி. பிறகு ஜெனீவாக்காரன் என்ன சொல்லுவான்? இருந்த வழியை நீயே விட்டிட்டு இஞ்ச வந்து நிக்கிறாய் எண்டுவான். பிழை உன்ர தலையில.

மனித உரிமை ஆணைக்குழுவோ? ஓம், அது நல்ல வழிதான். மாசத்துக்குள்ள அங்க ஒரு முறைப்பாடு குடுத்திருந்தால், விசாரணை முடியிறவரைக்கும் தவணை ஓடாது. கண்டியிலேயே அலுவலகம் இருக்கு. இஞ்ச வத்தேகமையில இருந்து ஒரு பஸ்.

தெரியும். முதல் நாளே தெரியும்.

ஏன் சொல்லேல்லையோ? நீ கேக்கேல்லை. நீ கேட்டது கிரியைக்கு என்னென்ன சாமான் வேணும் எண்டு. அதுக்குச் சொன்னன். எள்ளு, தர்ப்பை, வேட்டி, ஒண்டும் விடாமல்.

தமையன் கேட்டவன்தான். எட்டாம் நாள், எட்டுச் செலவு அண்டைக்கு, லோயரிட்ட வா எண்டு வானைக் கொண்டுவந்து வாசல்ல நிப்பாட்டினவன். கட்டினவன் போய் கண்ணீர் காயேல்லை, செத்தவீட்டுத் துடக்கோட வாசல் படலை தாண்டுறியோ, அவன்ர ஆத்மா அலையட்டுமோ எண்டன். அந்தியேட்டி முடியட்டும் எண்டன். அவ்வளவுதான் நான் சொன்னது. உள்ள போய்க் கதவைச் சாத்தினது நீ. நான் சாத்தேல்லை.

கத்தாதை. முத்தத்தில சனம் சாப்பிடுது. காலமை மகாவலிக் கரையில ஒரு குறை வந்ததோ? ஐயரைப் பிடிச்சது ஆர்? சமையல்காரனைப் பிடிச்சது ஆர்? கோயிலில கண்ட பழக்கத்துக்கு உனக்கு ஆர் இவ்வளவு செய்வான்? தமையனைத் தவிர உன்ர சொந்தம் எல்லாம் பொலிஸுக்குப் பயந்து மூண்டாம் நாளே யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிட்டுது. நான் தினமும் வந்தன். படலையடியில கதிரையைப் போட்டுக் காவல் மாதிரி இருந்தன். நீயும் தேத்தண்ணி தந்தாய்.

பொறு. கிருஷாந்தன்ர அம்மா, அதென்ன கட்டுறியள்? எனக்கோ? வேண்டாம், வேண்டாம், அவிழுங்கோ. வீட்டில மகள் பிரேமிளா முழுகாமல் இருக்கிறாள். அந்தியேட்டிச் சோறு அவளுக்கு ஆகாது. மருமோனும் தொடமாட்டார். மாசி அஞ்சுக்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கினதே இப்ப ரெண்டு நாளாத்தான்.

ஓம் பிள்ளை, பொலிஸில.

ஓம், அந்த ஸ்டேசன்தான். பொறுப்பதிகாரி. பிறக்கிற குழந்தைக்குத் தேப்பன் வீட்டில இருக்கோணும்தானே.

கொஞ்சம் விலத்து. என்ர செருப்பு உனக்குப் பின்னால கிடக்கு.