மறுபடி பார்க்கச் சொன்னவள்

“மாத்திரையா முழுங்குனா பிரஷர் ஏறுது மதினி, அதையே களிம்பா கையில தடவுனா ஏறல.”

விளாத்திகுளம் போகும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரி இப்படிச் சொன்னதும் நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன். ஐம்பதை ஒட்டிய வயது. பக்கத்தில் அவள் மதினி.

“மாசாமாசம் வார தூரம் நின்னதுக்கெல்லாம் ஹார்மோன் மருந்தா, ஏட்டி? நாங்க வேர்த்து ஊத்திக்கிட்டே இருக்கலையா?”

“தீப்பெட்டி ஆபீஸ்ல திடீர்னு உடம்பு கொதிக்கும், குச்சிக்கு முந்தி நான் பத்திக்கிடுவேன்போல. ராத்திரி தூக்கமும் கிடையாது. இந்த மருந்துதான் என்னைய வேலையில வச்சிருக்கு. தடவுததுலயும் பிரஷர் ஏறுனா நிறுத்திருவேன்னுட்டாவ டாக்டரம்மா.”

“இன்னைக்குப் பிரஷர் பாத்தாவளா?”

“ஏறித்தான் இருந்துச்சு. நான் விடல. பஸ் ஸ்டாண்டுல இருந்து வெயில்ல ஓடி வந்திருக்கேன், செத்த நேரம் உக்காந்தபெறகு பாருங்கன்னேன். பாத்தாவ. சரியா இருக்கு, தொடர்ந்து தடவுன்னுட்டாவ.”

எனக்கும் பிரஷர் உண்டு. நர்ஸ் சொல்லும் அளவை எதிர்த்து இதுவரை வாய் திறந்ததில்லை.

மதினி அவள் பக்கம் திரும்பினாள். “எனக்கும் அந்த மருந்தக் கேக்கணும்ட்டி. அந்தம்மாட்ட எப்பிடிப் பேசுததுன்னுதான்...”

“நான் வாரேன். நீங்க சும்மா உக்காந்திருங்க.”