மனைவியை ஜப்தி செய்யப் போன கதை

எனக்கு முன் பேசிய ஒன்பது பேரையும் கண்களை மூடிக்கொண்டே கவனித்த தலைவர் அவர்களே! நான் ஓய்வுபெறுவதில் என்னைவிட மகிழ்ச்சியாக இருக்கும் அலுவலக நண்பர்களே! வாய்தா வாங்கி வாங்கியே வழக்குகளை வளர்த்தெடுத்த வழக்கறிஞர்ப் பெருமக்களே! பெரியோர்களே, பெற்ற தாய்மார்களே! ஓய்வுபெறும் கோர்ட்டு அமீனாவின் வணக்கம். இன்று என் கையில் ஜப்தி உத்தரவு எதுவும் இல்லை, தைரியமாக உட்காருங்கள்.

தீர்ப்புகளை வீடு தேடிப் போய் நிறைவேற்றுவதே என் வேலை. "இவர் நீதிமன்றத்தின் நீண்ட கை, எட்டாத இடமே இல்லை" என்று இங்கே புகழ்ந்தார்கள். எட்டாத இடமே இல்லையா? அந்தக் கையின் நீளத்தை எனக்கு அளந்து காட்டியவர் ஒரு தையல்கார அம்மா. பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கதை.

அவருடைய கணவர் அச்சக முதலாளி. மூன்று முறை முகம் வீங்கிய அம்மா, நான்காவது முறை வீங்கும் முன் வீட்டைவிட்டு வெளியேறினார். விடுவாரா கணவர்? வழக்குப் போட்டார். வீங்கிய முகத்துக்குச் சாட்சி கேட்டார்கள், சாட்சி இல்லை. மனைவி கணவனோடு சேர்ந்து வாழ வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு நகலைக் கணவர் எப்படிப் பிடித்திருந்தார் தெரியுமா? சாமான் வாங்கிய ரசீதைப் பிடிப்பதுபோல! வாடகைக் கார் அமர்த்தி, பின் இருக்கையைத் துடைத்து, என்னை முன்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதற்கு இந்தக் கார் என்று நானாவது கேட்டேனா? கேட்கவில்லை. இருபது ஆண்டு அனுபவசாலி அல்லவா!

மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், சுற்றிலும் பட்டன் வைக்காத பள்ளிச் சீருடைகள்.

"கிளம்புங்கம்மா, வண்டி நிக்குது," என்றேன்.

அம்மா மெஷினை நிறுத்தினார். தீர்ப்பை வாங்கி, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.

"சார், என்னைத் தூக்கிட்டுப் போகச் சொல்லி இதுல எந்த வரியில எழுதியிருக்கு?"

தேடினேன். முன்பக்கம் தேடினேன், பின்பக்கம் தேடினேன், முத்திரைக்கு அடியிலும் தேடினேன். இல்லை! பீரோவைத் தூக்க வழி உண்டு. மனுஷியின் மணிக்கட்டைத் தொட ஒரு வரி இல்லை.

"ஜெயிச்சது நான்தானே சார்! ஏத்துங்க வண்டியில!" என்று குதித்தார் கணவர்.

"ஜெயிச்சது நீங்கதான். ஆனா கையைப் பிடிச்சு இழுத்தா, அடுத்த கேஸ்ல குற்றவாளி நான்தான்."

சிரிக்கிறீர்கள்! முன்வரிசை வழக்கறிஞர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கணவருக்கு ஆஜரானவர் அவர்தான். பரவாயில்லை ஐயா, ஃபீஸ் வாங்கியாயிற்றே!

ஓய்ந்தாரா மாவீரர்? வர மறுக்கும் மனைவியின் பொருளை ஜப்தி செய்யலாமாம். அந்த உத்தரவோடு மறுபடியும் வந்தார். நான் பட்டியல் போட்டேன். மெஷினா? பிழைப்புக் கருவி, தொடக்கூடாது. பாத்திரமா? தொடக்கூடாது. படுக்கையா, உடுத்தும் துணியா? தொடக்கூடாது, தொடக்கூடாது!

"அப்போ எதைத்தான்யா தொடலாம்?"

மிஞ்சியது ஒன்றே ஒன்று: சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய கல்யாணப் படம். அம்மாவே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினார். பின்னால் உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் பெயர்ந்திருந்தது.

"ஓட்டையை மறைக்கத்தான் மாட்டியிருந்தேன். அவர் கேக்குறவ இதுலதான் இருக்கா, கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க சார்."

ஏலத்தில் அந்தப் படத்தைக் கேட்க ஆளில்லை. கடைசியில் கணவரே கேட்டு, அவரே எடுத்து, காரின் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு தம்பதி சமேதராக வீடு போய்ச் சேர்ந்தார்!

கையாலாகாத நீதிமன்றமா இது? அன்று நானும் அப்படித்தான் நினைத்து வெட்கப்பட்டேன். இன்று சொல்கிறேன்: நிலத்தை எடுக்கட்டும், நகையை எடுக்கட்டும், வண்டியை எடுக்கட்டும், ஒரு மனுஷியின் மணிக்கட்டுக்கு முன்னால் மட்டும் அந்த நீண்ட கை நிற்கட்டும்! அன்று அது நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடிக்கிற கணவருக்கு ஏற்கெனவே இரண்டு கைகள் இருந்தன. மூன்றாவது கையாக நான் ஆகியிருப்பேன்.

அந்த அம்மா இதோ, ஐந்தாவது வரிசையில் இருக்கிறார். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று கேட்டேன். "தாராளமா சொல்லுங்க, படத்தை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். அவருக்கு நான் சம்மன் அனுப்பவில்லை, உத்தரவு காட்டவில்லை. "ரிட்டயர் ஆகுறேன், முடிஞ்சா வாங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னேன். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

தானாக வந்த அவருக்கும், எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்!