மூணு கை தண்ணி

போதகர்: …வேலியோரமா, கல்லறைச் சுவருக்கு வெளிய. குழி வெட்டச் சொல்லி சோணைமுத்துகிட்ட காலைலயே ஆளனுப்பிட்டேன். மறுபடியும் எதுக்கு வந்தே ராசப்பா?

ராசப்பன்: அவன் சொன்னானுங்க. அதுக்குத்தான் வந்தனுங்க. என்ற புள்ளைய அங்க வெக்க மாட்டனுங்க.

போதகர்: வேற எங்க வெப்பே?

ராசப்பன்: உள்ளீங்க. கல்லறைத் தோட்டத்துக்குள்ள. சபையில மத்தவங்க புள்ளைங்க கெடக்கற எடத்துல.

போதகர்: ஞானஸ்நானம் ஆகாத குழந்தைக்கு உள்ள எடமில்ல. சபைச் சங்கத்துத் தீர்மானம். நான் போட்டதில்ல.

ராசப்பன்: ஆச்சுங்க.

போதகர்: என்ன ஆச்சு?

ராசப்பன்: ஞானஸ்நானமுங்க. இன்னிக்குக் காத்தால. பேரு சலோமி.

போதகர்: நான் குடுக்கலையே.

ராசப்பன்: நீங்க குடுக்கலீங்க.

நேசமணி: ஏங்க… அந்தப் பெட்டிய வெயில்ல வெச்சிருக்காரு. வராண்டாவுல ஏத்தி வெக்கச் சொல்லுங்களேன்.

போதகர்: நீ உள்ள போ நேசம்.

ராசப்பன்: இருக்கட்டுங்க போதகரம்மா. கம்பெனிப் பெட்டிதானுங்க, பனியன் அடுக்கறது. கெட்டி அட்டை, சீக்கிரம் சூடேறாது. நாலு டஜன் புடிக்கும். எங்க புள்ளைக்கு எடம் மிச்சமாத்தான் இருக்குது.

போதகர்: பெட்டிக் கதை இருக்கட்டும். தண்ணி ஊத்துனது யாரு?

ராசப்பன்: ஒரு பொம்பளைங்க.

போதகர்: பொம்பளையா!

ராசப்பன்: நம்ம சபைப் பொம்பளைதானுங்க. திடப்படுத்தல் ஆகித் திருவிருந்து எடுக்கறவங்க. ஒரு ஞாயிறு தப்ப மாட்டாங்க.

போதகர்: பேரு?

ராசப்பன்: அது… வேண்டாமுங்க.

போதகர்: பேரில்லாத பொம்பளை. நல்லாருக்கு. தண்ணி எங்கேர்ந்து? சாயப்பட்டறைத் தொட்டியா?

ராசப்பன்: கேலி பண்ணாதீங்க. கொழாய்த் தண்ணி. பாத்திரத்துல புடிச்சு, மூணு கை ஊத்துனாங்க. பிதாவுக்கு ஒண்ணு, குமாரனுக்கு ஒண்ணு, பரிசுத்த ஆவிக்கு ஒண்ணு. எப்சிபா மடில வெச்சிருந்தா. தலைய நான் புடிச்சிருந்தேன்.

போதகர்: ஓகோ. புருஷனும் பொண்டாட்டியும் சாட்சி. நல்லா ஜோடிச்சிருக்கீங்க.

ராசப்பன்: ஜோடிக்கறதுக்கு இதென்ன கல்யாண ஊடுங்களா? செத்த புள்ளைய வெச்சுக்கிட்டுப் பொய் பேசறவன்னு நெனச்சீங்களா என்னைய?

போதகர்: குரலைத் தாழ்த்திப் பேசு. இது போதகர் வீடு.

ராசப்பன்: கலியாணத்துக்கு முன்னால இதே வராண்டாவுல என்னைய உக்கார வெச்சுப் பாடம் சொன்னீங்க, ஞாபகம் இருக்குதுங்களா? நொய்யல்ல வெள்ளம், போதகர் அக்கரைல மாட்டிக்கிட்டாரு, இக்கரைல ஒரு கொழந்தைக்கு உசுரு இழுக்குது, நீ என்ன பண்ணுவேன்னு கேட்டீங்க.

போதகர்: கேட்டிருப்பேன்.

ராசப்பன்: தண்ணி மொண்டு நானே ஊத்துவனுங்கன்னு சொன்னேன். சபாஷ்னு தட்டிக் குடுத்தீங்க. யார் கைங்கறது முக்கியமில்ல, வார்த்தைதான் முக்கியம்னு சொன்னீங்க. குடிகாரன் ஊத்துனாலும் அது ஆண்டவர் ஊத்துனதுன்னு சொன்னீங்க.

போதகர்: போதகர் இல்லாத எடத்துல! அதை விட்டுட்டியே. காலைல என்ன வெள்ளமா வந்துச்சு? நான் நாலு தெரு தள்ளித்தானே இருந்தேன்?

ராசப்பன்: இருந்தீங்க.

போதகர்: அப்புறம்?

ராசப்பன்: இருந்து என்னங்க பண்ணுனீங்க? டாக்டரு நேத்தே கைய விரிச்சுட்டாரு. காத்தால அஞ்சு மணிக்கு வலிப்பு நிக்கவே இல்ல. பக்கத்தூட்டு பாரூக் பாய் டெம்போவ எடுத்துட்டு வந்து உங்க கதவத் தட்டுனாரா இல்லீங்களா?

போதகர்: எட்டு மணிக்கு வரேன்னு சொல்லி அனுப்புனேன்.

ராசப்பன்: அஞ்சே முக்காலுக்குப் போயிருச்சுங்க. பாரூக் பாய்க்கு ஞானஸ்நானம்னா என்னன்னே தெரியாது. ஆனா அவசரம்னு தெரிஞ்சுது. உங்களுக்கு அது தெரியும், இது தெரியல.

போதகர்: எனக்கு ரத்தக் கொதிப்பு. விடியக்காலை எந்திரிச்சா மயக்கம் வரும்… நேசம்! ஒரு காபி கூடவா கெடையாது இந்த வீட்டுல?

நேசமணி: பாலில்லீங்க. வெறும் தூக்குவாளியோடதான் திரும்புனேன்.

போதகர்: இன்னிக்கு எல்லாமே இப்படித்தான். 

ராசப்பன்: காத்தால கதைய உடுங்க. பொறந்து நாப்பது நாளுங்க. ரெண்டு தரம் வந்து கேட்டனா இல்லீங்களா, ஞானஸ்நானம் குடுங்கன்னு?

போதகர்: முதல்ல சபையோட ஒப்புரவாகுன்னு சொன்னேன்.

ராசப்பன்: மனுவ வாபஸ் வாங்குன்னு சொன்னீங்க.

போதகர்: ரெண்டும் ஒண்ணுதான்.

ராசப்பன்: ரெண்டும் ஒண்ணுங்களா! பேராயருக்கு முப்பத்திரெண்டு பேரு கையெழுத்துப் போட்டு என்ன எழுதுனோம்? உங்க சோத்துல மண்ணள்ளிப் போடுங்கன்னா எழுதுனோம்? ஞாயித்துக்கெழமை ஷிப்டுக்குப் போறவங்களுக்குத் திருவிருந்து இல்லைன்னு போதகர் நிறுத்திட்டாரு, அது நியாயமான்னு கேட்டோம். அவ்வளவுதானுங்க.

போதகர்: ஓய்வுநாள மதிக்காதவன் எந்த மொகத்தோட பந்திக்கு வருவான்?

ராசப்பன்: மிசினு யாரோடதுங்க?

போதகர்: அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ராசப்பன்: சொல்லுங்க. யாரோடது?

போதகர்: …ஜீவரத்தினத்தோடது.

ராசப்பன்: நம்ம சபைப் பொருளாளர் ஜீவரத்தினம். கப்பலுக்குச் சரக்குப் போகோணும், ஞாயித்துக்கெழமை வராதவன் திங்கக்கெழமையும் வராதேங்கறது அவரு. அவரு வெள்ளச் சட்டை போட்டு முன் பெஞ்சுல உக்காந்து பாடறாரு. மொத ஆளா மண்டி போட்டு அப்பமும் ரசமும் வாங்கறாரு. அந்நேரத்துக்கு நாங்க அவரு மிசின்ல நூலு அந்து போகாமப் பாத்துக்கிட்டு நிக்கறோம். ஓட்டறவனுக்குப் பாவம், ஓட்டச் சொல்றவனுக்குப் பந்தியா?

போதகர்: அவரு சபைக்கு எவ்வளவோ பண்ணியிருக்காரு.

ராசப்பன்: அந்தக் கல்லறைச் சுவரும் அவரு கட்டுனதுதானுங்களே. அதுக்குத்தான் என்ற புள்ள வெளியவா?

போதகர்: சத்தம் போடாதேன்னு சொன்னேன்.

ராசப்பன்: பெட்டிக்குள்ள இருக்கறது முழிச்சுக்காதுங்க.

நேசமணி: தம்பி… இந்தத் தண்ணியக் குடிங்க. காலைலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல போலருக்கு.

ராசப்பன்: அப்புறமுங்க.

போதகர்: இதபாரு ராசப்பா. நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. ஒரு வழி சொல்றேன். வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனைல எந்திரிச்சு நில்லு. மனு எழுதுனது தப்பு, போதகரும் சபைச் சங்கமும் மன்னிக்கணும்னு ஒரே வார்த்தை. இப்பவே உள்ள குழி வெட்டச் சொல்றேன். ஜீவரத்தினத்துகிட்ட நான் பேசிக்கறேன்.

ராசப்பன்: அப்ப ஞானஸ்நானம் செல்லுமுங்களா?

போதகர்: அது… சபை ஏத்துக்கும்.

ராசப்பன்: நான் மன்னிப்புக் கேட்டாச் செல்லும். கேக்காட்டிச் செல்லாது.

போதகர்: அப்படிச் சொல்லல…

ராசப்பன்: அப்படித்தானுங்க சொன்னீங்க! தண்ணி புள்ள தலையில ஊத்துனது. அது செல்றது என்ற வாயிலயா இருக்குது? கிருபை இலவசம், இலவசம்னு வாராவாரம் மைக்குல பேசறீங்க. வாசல்ல லுத்தரன் சபைன்னு பெருசா போர்டு வெச்சிருக்கீங்க. அந்தக் காலத்துல பாவ மன்னிப்புக்கு வெல போட்டு வித்தாங்கன்னுதான நம்ம சபையே தனியாப் பிரிஞ்சு வந்துச்சு? அதையும் இதே வராண்டாவுலதான் சொன்னீங்க. இப்ப நீங்க போடறதுக்கு என்னங்க பேரு?

போதகர்: நீ எனக்கு வேதசாஸ்திரம் சொல்லித் தர்றியா? எட்டாவது பெயிலு!

ராசப்பன்: ஏழாவதுங்க.

போதகர்: …என்ன சிரிப்பு நேசம்?

நேசமணி: இருமலுங்க.

போதகர்: சரி. முறைப்படியே வரேன். அவசர ஞானஸ்நானம் உண்டு, ஒத்துக்கறேன். பொம்பளை குடுத்தாலும் செல்லும், அதையும் ஒத்துக்கறேன். ஆனா குடுத்தவங்க போதகர் முன்னால நின்னு, இன்னாரு, இன்ன நேரம், இன்ன விதமாக் குடுத்தேன்னு சொல்லணும். அதை நான் பதிவேட்டுல எழுதணும். இது என் இஷ்டமில்ல, சபை ஒழுங்கு. பேரைச் சொல்லு. தோட்டத்துச் சாவிய இப்பவே எடுத்துத் தர்றேன்.

ராசப்பன்: பேரு மட்டும் கேக்காதீங்க.

போதகர்: என்ன? இத்தனை நேரம் வாய் கிழிஞ்சுது.

ராசப்பன்: யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டனுங்க.

போதகர்: வாக்கா? யாருக்குப் பயந்து?

ராசப்பன்: அவங்க ஊட்டுக்காரருக்குங்க. தெரிஞ்சா ஊட்டுல பெரிய பிரச்சினையாயிரும்.

போதகர்: நம்ம சபை ஆளா அவன்?

ராசப்பன்: ஆமாங்க.

போதகர்: சாகப் போற குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுத்ததுக்குப் பொண்டாட்டியக் கோவிச்சுக்கறவன் விசுவாசியா? அவனக் கூட்டிட்டு வா எங்கிட்ட. நான் புத்தி சொல்றேன்.

ராசப்பன்: நீங்க சொன்னா அவரு கேக்க மாட்டாருங்க.

போதகர்: எம்பேச்சக் கேக்காதவன் எவன் இருக்கான் இந்தச் சபையில? உன்னைத் தவிர?

ராசப்பன்: வேண்டாமுங்க… உட்ருங்க.

போதகர்: அப்ப புள்ளைய விட அந்தப் பொம்பளை முக்கியமாப் போயிட்டா உனக்கு. பேரச் சொன்னா உள்ள, சொல்லாட்டி வெளிய. இவ்வளவுதான்.

ராசப்பன்: புள்ளைக்கு ஒரு கஷ்டமுமில்லீங்க இனி. சுவருக்கு இந்தப் பக்கமும் மண்ணு, அந்தப் பக்கமும் மண்ணு. உசுரோட இருக்கறவங்களுக்குத்தான் கஷ்டம். எனக்காக வந்தவங்களக் காட்டிக் குடுத்து என்ற புள்ளைய உள்ள வெக்க மாட்டேன்… பாரூக் பாய்! வண்டிய எடுங்க. வேலிப் பக்கமே போலாம்.

போதகர்: ஞாயித்துக்கிழமை யோசிச்சுட்டு வா.

ராசப்பன்: வருவனுங்க. மிசின நிறுத்திப்போட்டு வருவேன். மன்னிப்புக் கேக்க இல்லீங்க. இன்னிக்கு நீங்க சொன்னத முப்பத்திரெண்டு பேரு முன்னாலயும் சொல்லிக் கேக்கறதுக்கு.

போதகர்: பாத்தியா நேசம்? பேரு கேட்டதும் கெளம்பிட்டான். எவளும் ஊத்தல. எல்லாம் பொய்.

நேசமணி: தம்பி, பெட்டியக் கீழ வைங்க.

ராசப்பன்: அம்மா… வேண்டாமுங்க. நான் சொல்லலீங்களே. போறனுங்க.

நேசமணி: நில்லுங்க. வாக்கு நீங்கதான் குடுத்தீங்க, நான் குடுக்கல. ஏங்க, இந்தாங்க சாவி. பதிவேடும் எடுத்தாந்துட்டேன், பேனா உள்ளயே இருக்கு. எழுதிக்குங்க. சலோமி. அப்பா ராசப்பன், அம்மா எப்சிபா. நேரம் அஞ்சரை. ஞானஸ்நானம் குடுத்தது நேசமணி, போதகர் சம்சாரம். அந்தப் புருஷனுக்குப் புத்தி சொல்றேன்னீங்களே, அத அப்புறம் சொல்லிக்கலாம். அஞ்சு மணிக்கு பாரூக் கதவத் தட்டுனப்ப நானும் முழிச்சுத்தான் இருந்தேன். நீங்க பதில் சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டீங்க. நான் தூக்குவாளிய எடுத்துக்கிட்டுப் பின்வாசல் வழியா டெம்போவுல ஏறிட்டேன். பால் வாங்கப் போகலீங்க.